பல்லில் கடித்த நரம்பு

ராத்திரி படுத்தால் ஓசெல்லாவுக்கு முன்னால் அவள் கைகள் தூங்கிவிடும். காலையில் அவள் எழுந்து, காப்பி போட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட பிறகும் அவை எழுந்திருப்பதில்லை. உதறினால் தோளில் உயிர் இருக்கும், முழங்கையில் இருக்கும், மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்கப்பால் விரல்கள் வேறு யாருடையவோ போலத் தொங்கும்.

அவள் கோழித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கும் வரிசையில் நிற்பவள். குளிர்ந்த கூடம், ஈரத் தரை, கையில் கத்தரிக்கோல். கோழிகள் வரும், போகும். நின்ற இடத்திலேயே நின்று அவளுக்கு வயதாகிவிட்டது. கண்ணை மூடினாலும் வெள்ளை இறக்கைகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்த வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கை இப்படித்தான். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. முதுகுவலி, கால்வீக்கம் போல அதுவும் ஒன்று. கத்தரிக்கோலுக்கு உணர்ச்சி வேண்டாம், பழக்கம் போதும்.

ரப்பர் புழுவுக்குத்தான் உணர்ச்சி வேண்டும்.

மெர்சர் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மற்ற இரையெல்லாம் தோளுக்கும் கண்ணுக்கும் வேலை, புழு மட்டும் விரலுக்கு என்று. முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்து வைத்து, அதற்கு முன்னால் ஒரு சின்ன ஈயக்குண்டைக் கோத்து, நைலான் நரம்பில் கட்டி, தண்ணீருக்கடியில் கிடக்கும் கிளைகளுக்கு நடுவே இறக்க வேண்டும். இறக்கிவிட்டு இழுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். குண்டு கல்லில் உரசினால் ஒரு மாதிரி, சேற்றில் இழுபட்டால் ஒரு மாதிரி, கிளையில் ஏறி இறங்கினால் இன்னொரு மாதிரி, நரம்பு வழியாகத் தூண்டில் கோலுக்கும் கோல் வழியாக விரலுக்கும் செய்தி வந்துகொண்டே இருக்கும். பாஸ் வாய் வைத்தால் ஒரு தட்டல். பக்கத்து அறையில் யாரோ சுவரை ஒற்றை விரலால் தட்டியது போல. அவ்வளவுதான். அதைத் தவறவிட்டால் மீன் ரப்பரைத் துப்பிவிட்டுத் தன் வழியே போய்விடும்.

போன கோடையிலிருந்து அந்தத் தட்டல் ஓசெல்லாவுக்கு வரவில்லை.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சத்தமில்லாமல் வேக இரைக்கு மாறிக்கொண்டாள். எறிந்து சரசரவென்று சுற்றினால் மூக்கை ஆட்டிக்கொண்டு நீந்துகிற பிளாஸ்டிக் மீன் அது. பாஸ் தானாகவே வந்து மோதி மாட்டிக்கொள்ளும், கட்டைக்கையனுக்குக்கூடத் தெரியும். மீன் கிடைத்தது. ஆனால் அது வேறு வேலை. வரிசையில் கோழி வருவது போல மீன் வந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் பிறந்து, கரையெல்லாம் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்து, பெட்டை மீன்கள் முட்டையைச் சுமந்துகொண்டு ஆழத்திலிருந்து மேலேறும் இந்தச் சனிக்கிழமையில் அவள் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தாள். இன்றைக்குப் புழு மட்டும். ஒரே ஒரு தட்டல் கேட்டால் போதும். கேட்காவிட்டால் கோல்களையெல்லாம் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் மற்ற பெண்களைப் போல வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். முந்தின சாயங்காலமே புழுவைக் கட்டி வைத்துவிட்டாள். விரல்கள் முடிச்சுப் போடச் சிரமப்பட்டன. நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

ஏரிக்கு அவளும் அண்ணியும் போய்ச் சேர்ந்தபோது ஏரியைக் காணவில்லை. ஊர்ப் பஞ்சு மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டியது போல மூடுபனி. படகு இறக்கும் சிமென்ட் சரிவு பாதி வரைக்கும் தெரிந்தது, மீதி வெள்ளைக்குள் இறங்கிப் போயிருந்தது.

"ஏய் நாத்தனாரே, அடைப்பானைப் போட்டியா?" பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியாகப் பர்னீஸின் குரல் வந்தது. ஓசெல்லாவின் அண்ணன் கிளீவனைக் கட்டிக்கொண்டவள் பர்னீஸ். கனத்த உடம்பு, சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பழகிய தொண்டை. ரகசியம் பேசினாலும் அக்கரைக்குக் கேட்கும்.

"போட்டுக்கிட்டே இருக்கேன் அண்ணி."

"இறுக்கமா?"

"வந்து நீங்களே திருகிப் பாருங்களேன். ராணியம்மா வண்டியை விட்டு இறங்க மாட்டீங்க, கேள்வி மட்டும் கேப்பீங்க."

"ராணிதான்டீ. உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன், கிரீடம் ஒண்ணுதான் பாக்கி."

படகின் பின்பலகையில் அடியோரமாக ஒரு ஓட்டை உண்டு. வீட்டில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிந்து போவதற்காக அதைத் திறந்து வைத்திருப்பார்கள். ஏரியில் இறக்குமுன் பித்தளை அடைப்பானைத் திருகி மூட வேண்டும். அது ஓசெல்லாவின் வேலை, எப்போதும் அவள்தான் செய்வாள். குனிந்து திருகினாள். சுற்றியது. கொஞ்சம் சுற்றியதும் எதிர்த்து நின்றது. நின்றால் இறுகிவிட்டது என்று அர்த்தம். அவள் எழுந்து, இறக்கலாம் என்பது போலப் படகைக் கையால் தட்டினாள். பர்னீஸ் வண்டியைப் பின்னால் விட்டாள். படகு வெள்ளைக்குள் மிதந்தது.

முன்பக்கத்துச் சின்ன மின்மோட்டாரில் சத்தமே வராது. காலால் மிதித்தால் பூனை நடப்பது போலப் படகு நகரும். பர்னீஸ் மிதித்தாள். கரை மறைந்தது, பிறகு கரை என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் இரண்டு பெண்கள், ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு பாட்டில் இனிப்புத் தேத்தண்ணி. எங்கோ ஒரு நாரை முனகியது. ஓசெல்லாவுக்கு இந்த நேரம்தான் பிடிக்கும். உடம்புக்குக் கனம் போய்விடும். இறக்கைகள் கண்ணுக்குள் போவது நின்றுவிடும். தான் தண்ணீரின் மேலே இருக்கிறோமா உள்ளே இருக்கிறோமா என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

"இடெல்லா போன் பண்ணினா" என்றாள் பர்னீஸ், முகத்தைத் திருப்பாமல்.

"யாரு, சர்ச்சுல தொப்பி மேல பழக்கூடை வெச்சுக்கிட்டு வருமே, அந்த இடெல்லாவா?"

"அவளேதான். புதுப் படகு வாங்கியிருக்காளாம். இனிமே சனிக்கிழமை என்கூட வர்றியான்னு கேட்டா."

ஓசெல்லா பனியைப் பார்த்தாள். "போங்களேன்."

"போகத்தான் போறேன்."

"யாரு வேணாங்கிறா?"

அதோடு நின்றது. பர்னீஸ் பேச்சை நிறுத்துவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. போன கோடையிலிருந்துதான் இப்படி அடிக்கடி நடக்கிறது.

அவர்கள் தேடிப் போனது ஒரு சீடார் மரத்தை. இந்தக் குளிர்காலத்தில் அவர்கள் இருவருமே சேர்ந்து மூழ்கடித்த மரம். கிளீவனின் வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த சீடாரை, அடியில் சிமென்ட் கல் கட்டி, ஓடை ஏரியில் கலக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் உருட்டிவிட்டார்கள். இந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இப்படி மரம் மூழ்கடிப்பார்கள், யாரும் யாரிடமும் இடம் சொல்லமாட்டார்கள். கணவனிடமும் சொல்வதில்லை, பாஸ்டரிடமும் சொல்வதில்லை. பொடிமீன் கிளைக்குள் ஒதுங்கும், பொடிமீனைத் தின்னப் பெரிய மீன் வரும். மரம் உருட்டிய அன்றைக்கு ஓசெல்லாவின் கையிலிருந்து கயிறு நழுவி மரம் கோணலாகப் போய் விழுந்தது. குளிரில் கை விறைத்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஆழம் காட்டும் பெட்டியின் திரையில் மசி கொட்டியது போல ஒரு கறை தெரிந்தது. "இதோ படுத்திருக்கா நம்ம பொண்ணு" என்றாள் பர்னீஸ்.

ஓசெல்லா கோலை எடுத்தாள். நுனியில் கத்திரிப்பூ நிறத்தில் புழு ஆடியது. பர்னீஸ் திரும்பிப் பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

"என்னடி இது, புழுவா? இன்னிக்கு மழை கொட்டப்போகுது."

"தண்ணி கலங்கியிருக்கு, கத்திரிக்கலருதான் தெரியும். வேக இரை இன்னிக்கு ஆகாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

எறிந்தாள். தோளும் முழங்கையும் மறக்கவில்லை. புழு பனிக்குள் போய் ஒரு சின்ன சத்தத்தோடு விழுந்தது. ரீலைத் திறந்து நரம்பைத் தளர விட்டாள். புழு தானாக விழுந்தால்தான் மீன் நம்பும். கொஞ்ச நாளாக நரம்பைக் கண்ணால் பார்த்து ஒப்பேற்றி வந்தாள். மீன் வாய் வைத்தால் நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் லேசாகத் துள்ளும். இன்றைக்கு அந்த வழியும் இல்லை. கோல் நுனிக்கு அப்பால் நரம்பு பனியில் கரைந்துபோயிருந்தது. விரல்களில் ஒன்றும் இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி நின்றாள். உள்ளே வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். இவளுக்குக் கேட்காது.

மெதுவாக இழுத்து, நிறுத்தி, இழுத்து, புழுவைக் கொண்டுவந்தாள். மறுபடி எறிந்தாள். பின்னால் பர்னீஸ் ஒரு முழங்கை நீள மீனைத் தூக்கி, அதற்கு நல்ல புத்தி சொல்லி, திரும்பத் தண்ணீரில் விட்டாள். ஓசெல்லா மறுபடி எறிந்தாள். புழு வந்தபோது அதன் வாலைக் காணவில்லை. உடம்பெல்லாம் அரத்தால் உரசியது போலக் கீறல். மீன் வாயில் வைத்து, மென்று, சலித்து, துப்பியிருக்கிறது. இவ்வளவும் நடந்திருக்கிறது. அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

அந்தப் புழுவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். வேறு புழுவை மாட்டினாள். இன்னும் ஒரு எறி, அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று எறிந்தாள். அது சீடாருக்குள் இறங்கி எங்கோ சிக்கிக்கொண்டது. அது மட்டும் தெரிந்தது, கோலே வளைந்ததால்.

"ஓசெல்லா."

"என்ன அண்ணி?"

"என் காலு ஏன் நனையுது?"

"தேத்தண்ணியைக் கொட்டிக்கிட்டீங்களா?"

"தேத்தண்ணி இவ்ளோ சில்லுனு கணுக்கால் வரைக்கும் வருமா?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். படகுக்குள் ஒரு சின்ன ஏரி இருந்தது. அதில் பிஸ்கட் பொட்டலம் மிதந்தது, புழுப் பைகள் மிதந்தன, பர்னீஸின் இடது காலணி பின்பக்கமாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அழகாகக்கூட இருந்தது. அந்த அழகில் இரண்டு பேரும் ஒரு மூச்சு நேரம் மயங்கிப்போய் நின்றார்கள்.

பிறகு பர்னீஸ் கத்தினாள். "அடைப்பான்! அடைப்பான் எங்கடி?"

ஓசெல்லா பின்பக்கம் ஓடிக் குனிந்து, பலகைக்கு அப்பால் தண்ணீருக்குள் கையை விட்டாள். முழங்கைக்குக் குளிர் தெரிந்தது. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடைப்பான் அங்கே இல்லை. மரையில் ஏறாமல் கோணலாக நின்ற அடைப்பான் எங்கோ வழியிலேயே விழுந்து ஏரிக்கடியில் கிடக்கிறது.

"பம்பைப் போடுங்க!"

"அது போன வருஷமே செத்துப்போச்சு! உங்க அண்ணன்தான் பாக்குறேன் பாக்குறேன்னு பாத்துக்கிட்டே இருக்காரு!"

"அப்ப காப்பி டப்பாவால இறைங்க!"

"பெரிய மோட்டாரைப் போட்டு விரட்டுவோம்டி. வேகமாப் போனா ஓட்டை வழியா தண்ணி தானா வெளிய போயிடும்."

"இந்தப் பனியில எங்க விரட்டுறது? அடிமரத்துல மோதினா ரெண்டு ஓட்டை ஆயிடும். மாத்து அடைப்பான் பெட்டியில இருக்கு, குடுங்க!"

பர்னீஸ் மிதந்துகொண்டிருந்த பெட்டியைப் பிடித்து, கிண்டி, ஒரு பித்தளைத் துண்டை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "பாஸ்டர் எனக்கு ஒருதரம் ஞானஸ்நானம் குடுத்தாச்சு ஓசெல்லா. ரெண்டாவது வேணாம். சீக்கிரம்!" என்றவள் முன்பக்கம் போய் உட்கார்ந்து டப்பாவால் இறைக்கத் தொடங்கினாள்.

ஓசெல்லா மண்டியிட்டாள். ஒரு கையில் அடைப்பான். அக்குளில் கோல், அதன் நரம்பு சீடாரில் சிக்கி, நகரும் படகு அதை இழுத்துக்கொண்டிருந்தது. இது வேறு இடைஞ்சல். அறுத்துவிட வேண்டியதுதான். இந்த ஏரியில் எல்லாரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். கத்தி தேட நேரமில்லாதபோது நரம்பைப் பல்லுக்குக் கொடுப்பார்கள். ரீலிலிருந்து வரும் நரம்பில் வாயை வைத்துக் கடித்தாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அறுந்திருக்கும். அப்போதுதான் ஏரி அவள் வாய்க்குள் வந்தது.

முதலில் ஒரு மெல்லிய நடுக்கம். பல்லின் வேருக்குப் போய், தாடையெலும்பில் பரவி, காதுக்குப் பின்னால் வந்து நின்றது. ஈயக்குண்டு ஒரு கிளையின் மேல் படுத்திருக்கிறது, அவளுக்குத் தெரிந்தது. வழுவழுப்பான கிளை, பாசி பிடித்தது. படகு நகர, குண்டு கிளையில் ஏறியது, ஒரு கணுவில் தட்டியது, சறுக்கி அடுத்த கிளையில் விழுந்தது. கோலில்கூட இவ்வளவு துல்லியமாக அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். சீடார் அவள் தலைக்குள் எழுந்து நின்றது. கோணலாக விழுந்த அதே மரம். அதன் நிழலில் பொடிமீன்கள் புகைபோல அலைந்தன. அவற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருந்தது.

ஒரு தட்டல்.

முழங்கால் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. பின்னால் டப்பா சளப் சளப்பென்று இறைத்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் வேறு ஊரில் நடந்தது.

இன்னொரு தட்டல். பிறகு நரம்பு மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல, பக்கவாட்டில் ஒதுங்கி நகர்ந்தது. மீன் புழுவை வாயில் வைத்துக்கொண்டு போகிறது. அது வாயை மூடித் திறப்பதுகூட அவள் பல்லில் விழுந்தது.

"அடியே, அங்க என்ன ஜெபமா பண்றே? போடுடி!"

"ம்ம்!"

"என்ன ம்ம்?"

"ம்ம்ம்!"

ஓசெல்லா வாயைத் திறக்கவில்லை. பல்லில் நரம்பை வைத்துக்கொண்டே கையைத் தண்ணீருக்குள் இறக்கினாள். ஓட்டையைத் தேடினாள். மணிக்கட்டு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. திருகினாள். மரை ஏறுகிறதா, வெறும் தண்ணீரில் சுற்றுகிறதா? பித்தளை எது, பலகை எது? மறுபடி எடுத்துத் திருகினாள். அடைப்பான் நழுவப் பார்த்தது. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இதுவும் போனால் வேறு இல்லை. தண்ணீர் படகுக்குள் பர்னீஸின் கெண்டைக்கால் வரைக்கும் ஏறிவிட்டது. பர்னீஸ் இப்போது கத்தவில்லை. கத்தாத பர்னீஸைப் பார்த்தபோதுதான் ஓசெல்லாவுக்குப் பயம் வந்தது.

மீன் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. போன கோடைக்கப்புறம் இப்போதுதான் வந்தது. ஓங்கி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இன்னும் ஒரு மூச்சு நேரம் அதைப் பல்லில் வைத்திருந்தாள்.

பிறகு வாயைத் திறந்தாள்.

"அண்ணி, என் விரல் செத்துப்போச்சு."

"என்னது?"

"விரல்ல உணர்ச்சி இல்ல. மரை ஏறுதா இல்லையான்னு தெரியல. காலைலயும் தெரியல, அதான் விழுந்துடுச்சு. நீங்க வந்து போடுங்க."

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள், அதில் காட்ட என்ன இருக்கிறது என்று தெரியாமலே. நரம்பு தளர்ந்து தொங்கியது. மீன் போய்விட்டது.

பர்னீஸ் அவளைப் பார்த்தாள். "நான் பின்னாடி வந்தா படகு முன்னாடி எழும்பி நிக்கும்டி. நீ முன்னாடி போ, போய் இறைச்சுக்கிட்டே இரு" என்றாள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கிழட்டு ஜோடி நடனமாடுவது போல, ஆடுகிற படகில் இடம் மாறினார்கள். பர்னீஸ் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டாள். கர்த்தரையும் கிளீவனையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். கர்த்தரைக் கூப்பிட்டது உதவிக்கு.

"ஏறிடுச்சு" என்றாள் கடைசியில். "இறுகிடுச்சு."

இரண்டு பேரும் ரொம்ப நேரம் இறைத்தார்கள். பனிக்குள் எங்கோ சூரியன் வந்திருக்க வேண்டும், வெள்ளை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. படகின் அடித்தகடு தெரிந்ததும் பர்னீஸ் டப்பாவைக் கீழே போட்டாள். ஊறிப்போன பிஸ்கட்டை எடுத்துப் பார்த்து ஏரியில் போட்டாள்.

"எவ்ளோ நாளா?"

"போன கோடையிலேர்ந்து."

"கோழியா?"

"வேறென்ன?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அண்ணன்கிட்ட சொல்லுவீங்க. அண்ணன் என்னைத் தண்ணிப் பக்கமே விடமாட்டாரு."

பர்னீஸ் ஈரப் பாவாடையைப் பிழிந்தாள். ரொம்ப வேகமாகப் பிழிந்தாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? புழு போடும்போதுதானே நாம உக்காந்து பேசுவோம். நீ திடீர்னு அந்தச் சனியன் பிடிச்ச வேக இரையை எடுத்துக்கிட்டு சரக்கு சரக்குனு சுத்த ஆரம்பிச்சே. ஒரு வார்த்தை பேச விடல. சரி, என் பேச்சு புளிச்சுப்போச்சு இவளுக்கு, வாயைத் திறந்து சொல்லத் தெரியாம சுத்துறான்னு நெனச்சேன். அதான் இடெல்லாகிட்ட வர்றேன்னு சொன்னேன்."

"உங்க பேச்சு எனக்கு என்னிக்கோ புளிச்சுப்போச்சு அண்ணி. அதுக்காக யாராவது படகை விட்டு இறங்குவாங்களா?"

பர்னீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பனியில் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா. அங்க ஒரு மீன் இருக்கு. பெரிசு. பல்லுல தெரிஞ்சுது."

"பல்லுல எப்படிடீ தெரியும்?"

"காட்டறேன் பாருங்க."

படகைச் சீடாருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். புழுவை மாட்டியது பர்னீஸ்தான். மாட்டும்போது, விரலில்லாதவளுக்கு விரலாகவும் பல்லில்லாதவனுக்குப் பல்லாகவும் தன்னையே வீட்டில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். பல்லில்லாதவன் கிளீவன். ஓசெல்லா எறிந்தாள். புழு கிளைகளுக்கு மேலே விழுந்து, தளர்ந்த நரம்பில் தானாக இறங்கியது. அவள் நரம்பை முன்பற்களுக்கு நடுவே மெல்ல வைத்துக்கொண்டாள், கடிக்காமல்.

"வைக்கோல் மெல்லுற மாடு மாதிரி இருக்கே" என்றாள் பர்னீஸ். "உதடு கிழிஞ்சா உங்க அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்றது? ஒரு காலத்துல…" அவள் கதை ஒன்றை ஆரம்பித்தாள். கிளீவன் கல்யாணத்துக்கு முன்னால் தூண்டில் முள்ளைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்ட கதை, ஓசெல்லா நூறு தடவை கேட்டது. அவளால் பதில் சொல்ல முடியாது, வாயில் நரம்பு. பர்னீஸுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கதை பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஓசெல்லா ஒரு காதால் அதைக் கேட்டாள், தாடையெலும்பால் ஏரியைக் கேட்டாள். சிமென்ட் கல்லின் சொரசொரப்பு. கயிறு. கிளை, கிளை, வெறும் தண்ணீர். தூங்கிப்போன விரல்கள் கோலைச் சும்மா பிடித்திருந்தன. தூங்கட்டும் என்று விட்டாள். இவ்வளவு நாள் உழைத்தவை.

தட்டியது.

அவள் காலால் படகின் தகட்டை ஒருமுறை மிதித்தாள். பர்னீஸின் கதை நடுவாக்கியத்தில் நின்றது.

நரம்பு நகரத் தொடங்கியது. ஓசெல்லா முதலில் வாயைத் திறந்து நரம்பை விட்டாள். கோல் நுனியைத் தண்ணீரைத் தொடுமளவு தாழ்த்தினாள். தளர்ந்ததைச் சுற்றி எடுத்தாள். பிறகு இடுப்பிலிருந்து, தோளிலிருந்து, வரிசையில் நின்று நின்று இரும்பாகிப்போன முதுகிலிருந்து ஓங்கி இழுத்தாள்.

கோல் வளைந்து நின்றது. சீடாரே பிடுங்கிக்கொண்டு வருகிறதோ என்று தோன்றியது. பிறகு சீடார் தலையை ஆட்டியது. நரம்பு பனியைக் கிழித்துக்கொண்டு வலதுபக்கம் ஓடியது. "கிளைக்குள்ள விடாதே! கோலைத் தூக்கு! வெளிய இழு, வெளிய இழு!" பர்னீஸ் கத்திய கத்தலில் ஏரியின் மறுகரையில் ஒரு நாய் குரைத்தது. மீன் மேலே எழும்பி, வாயை அகலத் திறந்து தலையை உதறி, பனியையெல்லாம் தன் பக்கம் இழுப்பது போல ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. ஓசெல்லா கோலைத் தாழ்த்தி அதை மறுபடி துள்ளவிடாமல் கொண்டுவந்தாள். பர்னீஸ் மண்டியிட்டு, அதன் கீழுதட்டைக் கட்டைவிரலால் பற்றித் தூக்கினாள்.

பெட்டை. வயிறு முட்டையால் புடைத்துத் தொங்கியது. இரண்டு பெண்களும் அதைத் தண்ணீரிலேயே சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டுப் பாரு" என்றாள் பர்னீஸ்.

"தொட்டா தெரியாது."

"கன்னத்தை வெச்சுப் பாரு."

ஓசெல்லா குனிந்து தன் கன்னத்தை மீனின் விலாவில் வைத்தாள். குளிர்ச்சி. வழுவழுப்பு. உள்ளே எங்கோ, ரொம்ப மெதுவாக, ஒரு துடிப்பு. பிறகு தண்ணீரில் விட்டார்கள். அது கொஞ்ச நேரம் படகின் நிழலிலேயே நின்று யோசித்துவிட்டு இறங்கிப் போனது.

கரைக்கு வந்தபோது பனி முழுக்க விலகியிருந்தது. டாக்வுட் பூக்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. படகை டிரெய்லரில் ஏற்றி, பர்னீஸ் அடைப்பானைத் திருகி எடுத்தாள். மிச்சமிருந்த தண்ணீர் சரிவு வழியே வாய்க்கால் மாதிரி ஓடி ஏரிக்கே திரும்பியது. அதில் ஒரு கத்திரிப்பூ நிறப் புழு மிதந்து போயிற்று. ஓசெல்லா வழக்கம்போல அடைப்பானுக்குக் கையை நீட்டினாள். பர்னீஸ் அதைக் கொடுக்கவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும் போன் அடித்தது. பர்னீஸ் ஈரக் கையோடு எடுத்தாள்.

"ஆமா இடெல்லா… இல்ல இல்ல, வர முடியாது… அடுத்த சனிக்கிழமையும்தான். ஏன்னா என் நாத்தனாருக்கு இன்னும் பல்லு இருக்கு." மறுபக்கம் என்ன கேட்டார்களோ, பர்னீஸ் எரிச்சலோடு சொன்னாள். "அடி நல்லாத்தான் காதுல விழுந்துச்சு உனக்கு. பல்லு! பல்லு!"

ஓசெல்லா ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டாள். மடியில் அவள் கைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நாக்கு நுனியால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.